யாரென்று தெரியாத பிணம்

சில படங்கள் வருவதற்கு முன்பே அவற்றின் கெட்ட பெயர் வந்து சேர்ந்துவிடும். 'ஸ்விஸ் ஆர்மி மேன்' எனக்கு அப்படித்தான் அறிமுகமானது. 2016 ஜனவரி. பாஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் மென்பொருள் வேலையில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு பையன் போனை நீட்டிச் செய்தியைப் படித்துக் காட்டினான். ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்க்ளிஃப் ஒரு படத்தில் பிணமாக வருகிறாராம். அந்தப் பிணம் குசு விடுகிறதாம். யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டியில், சன்டான்ஸ் திரைப்பட விழாவின் முதல் காட்சியிலேயே ஆட்கள் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார்களாம். மேசையே சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் படத்தின் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. 'குசு விடுற பொணம்' என்றால் எல்லோருக்கும் புரிந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளும் ஏறக்குறைய அந்தப் பட்டப்பெயரைத்தான் வைத்துக்கொண்டன.

அந்த முதல் காட்சி ஜனவரி 22ஆம் தேதி, எக்கிள்ஸ் அரங்கில் நடந்தது. ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள பெரிய அரங்கம் அது. பனிமலை ஊருக்குக் குளிரில் வந்து, வரிசையில் நின்று, இடம் பிடித்து உட்கார்ந்தவர்கள் எழுந்துபோவது என்றால் சாதாரண விஷயமில்லை. ஆனால் விழா முடிவில் வந்த செய்திதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்கக் கதைப்படங்களுக்கான போட்டிப் பிரிவில் சிறந்த இயக்கத்துக்கான விருது அதே படத்துக்கு. அரங்கத்தின் ஒரு பகுதி வெளியே போனது. நடுவர்கள் உள்ளே இருந்து விருது கொடுத்தார்கள். ஆனந்த விகடன் மார்க் பார்த்துப் படத்துக்குப் போன வீட்டில் வளர்ந்தவன் நான். நாற்பதைத் தாண்டினால் பார்க்கலாம், தாண்டாவிட்டால் அப்பா டிக்கெட்டுக்குக் காசு தரமாட்டார். ஒரே படத்துக்குச் சுழியும் நூறும் ஒரே வாரத்தில் கிடைத்ததை அதுவரை நான் பார்த்ததில்லை. வந்தால் பார்த்தே தீர வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்தேன்.

இயக்கியவர்கள் இரண்டு பேர். டேனியல் குவான், டேனியல் ஷைனர்ட். இரண்டு பேரையும் சேர்த்து 'டேனியல்ஸ்' என்பார்கள். அவர்கள் சந்தித்துக்கொண்ட இடம் எங்கள் ஊர்தான்: பாஸ்டன் காமன் பூங்காவை ஒட்டிய எமர்சன் கல்லூரி. அந்தத் தெருவில் நான் எத்தனையோ சனிக்கிழமை நடந்திருக்கிறேன். இவர்களை உலகத்துக்குத் தெரியவைத்தது 2014இல் வந்த 'டர்ன் டவுன் ஃபார் வாட்' பாட்டுக் காணொளி. ஒரு இளைஞன் இடுப்பை ஆட்டி ஆடியே கூரைகளை உடைத்துக்கொண்டு மாடிமாடியாகக் கீழே விழுவான். ஆடியவர் குவானேதான். உடம்பு தன் எஜமானன் பேச்சைக் கேட்காமல் திமிறுவது அப்போதிருந்தே அவர்களுக்குப் பிடித்த விஷயம். பிணம் குசு விட்டால் என்ன ஆகும் என்று தங்களுக்குள் பேசிச் சிரித்த சங்கதியைத்தான் பிறகு திரைக்கதையாக வளர்த்திருக்கிறார்கள். வளர்த்த இடங்களில் ஒன்று சன்டான்ஸ் நிறுவனமே நடத்தும் பயிலரங்கு. நாயகன் பால் டேனோவிடம் அவர்கள் கதை சொன்ன விதம் பிறகு பல பேட்டிகளில் வந்தது: முதல் குசுவுக்கு ஜனங்கள் சிரிக்க வேண்டும், கடைசிக் குசுவுக்கு அழ வேண்டும். டேனோ உடனே ஒப்புக்கொண்டாராம்.

ஜூன் 24ஆம் தேதி ஏ24 நிறுவனம் படத்தை ஒருசில தியேட்டர்களில் வெளியிட்டது. மறுவாரம் மற்ற ஊர்களுக்கும் வந்தது. எங்கள் பக்கம் வந்தபோது ஜூலை 4 விடுமுறை. தனியாகப் போக மனசில்லாமல் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதே அலுவலகத்தில் வேறு குழு. பாஸ்டன் பக்கம் எனக்குக் கிடைத்த ஒரே மூத்த சொந்தம் என்று சொல்லலாம். சினிமாப் பைத்தியம். வடிவேலு நகைச்சுவைக் காட்சிகளை வசனம் பிசகாமல் சொல்வார். படம் எப்படிப்பட்டது என்று பெரிதாக ஒன்றும் விளக்காமல், "ஹாரி பாட்டர் நடிச்ச படம் அண்ணாச்சி, காமெடி" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன். மகளையும் அழைத்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

படம் தொடங்கி நாலைந்து நிமிடத்துக்குள் கதை எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஹேங்க், கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் கரையில் ஒரு உடல் ஒதுங்குகிறது. உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறான். இல்லை. ஆனால் அந்த உடலில் இருந்து காற்று பிரிந்தபடி இருக்கிறது. நிற்காமல் பிரிகிறது. அலையில் கிடந்த பிணம் அந்த வேகத்தில் துள்ளத் தொடங்குகிறது. ஹேங்க் அதன் முதுகில் ஏறி உட்கார, தூக்குக் கயிறே கடிவாளமாக, பிணம் விசைப்படகுபோலக் கடலைக் கிழித்துக்கொண்டு பறக்கிறது. குரல்கள் அடுக்கடுக்காக எழும் பாட்டு, அதன் உச்சத்தில் படத்தின் பெயர். தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார், தொடையில் தட்டிச் சிரித்தார். பார்க் சிட்டியில் இதற்கா எழுந்துபோனார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கரை சேர்ந்த பின் காடு. பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஹேங்க் நடக்கிறான். சுவிஸ் ராணுவக் கத்தியில் எல்லாக் கருவியும் மடித்து வைத்திருப்பார்களே, அதைப்போல இந்த உடலில் எல்லாமே இருக்கிறது. மழைநீர் நிறைந்த வாய் குடிதண்ணீர்க் குழாய். விறைத்த கை கோடரி. வாயில் கல்லைத் திணித்து அடித்தால் துப்பாக்கி. பிறகு பிணம் பேச ஆரம்பிக்கிறது. பெயர் மேனி என்று வைத்துக்கொள்கிறார்கள். தான் யார், எப்படிச் செத்தோம் என்று அதற்கு ஒன்றும் நினைவில்லை. வாழ்க்கை என்றால் என்ன, வீடு என்றால் என்ன, அம்மா என்றால் என்ன என்று குழந்தைபோலக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு அம்புலிமாமா ஞாபகம் வந்ததைத் தடுக்க முடியவில்லை. கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் மயானம்: ஓவியர் சங்கர் வரைந்த அந்த விக்கிரமாதித்தனைப் பார்க்காமல் எங்கள் தலைமுறையில் யாரும் வளரவில்லை. முருங்கை மரத்திலிருந்து இறக்கிய பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ராஜாவுக்குக் கதை சொல்லும், கேள்வி கேட்கும், பதில் சொன்னால் மறுபடியும் மரம் ஏறிவிடும். அங்கே சுமக்கிறவன் பேசக்கூடாது, சுமக்கப்படுவதற்கு எல்லாம் தெரியும். இங்கே எல்லாம் தலைகீழ். பிணத்துக்கு ஒன்றும் தெரியாது, சுமக்கிறவன் பேசிக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். டேனியல்களுக்கு வேதாளக் கதை தெரிந்திருக்குமா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பேசும் பிணம் என்பது அருவருப்பான புதுமை, யாரும் யோசிக்காத கிறுக்குத்தனம் என்று எழுதிய விமர்சகர்களைவிட, ஐம்பது பைசா அம்புலிமாமா படித்த சிறுவனுக்கு இது சுலபமாகப் புரியும் என்று இருட்டில் உட்கார்ந்தபடி கொஞ்சம் கர்வமாகவே நினைத்துக்கொண்டேன்.

அதைப் பக்கத்தில் சொல்லத் திரும்பினேன். அண்ணாச்சியின் முகம் மாறியிருந்தது. திரையில் ஹேங்க், கிடைத்த கைபேசியையோ பத்திரிகையையோ காட்டி மேனியின் உடம்பில் பழைய நினைவைக் கிளறப் பார்க்கிறான். மேனியின் ஆண்குறி விறைத்து, திசைமானிபோல வழிகாட்டத் தொடங்குகிறது. தியேட்டர் மறுபடி குலுங்கியது. அண்ணாச்சி என் தோளைத் தட்டி, "நீ பாத்துட்டு வாடே, நான் வெளிய நிக்கேன்" என்று எழுந்துவிட்டார். பாத்ரூம் போகிறார் என்று முதலில் நினைத்தேன். கால்மணி நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்க்க எழவும் மனசில்லை. படம் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிடித்ததற்குக் காரணம் குசு மட்டும் இல்லை. அந்தக் காட்டில் மனிதர்கள் விட்டுப்போன குப்பை ஏராளம். அந்தக் குப்பையைக் கொண்டே ஹேங்க் மேனிக்கு உலகத்தைக் கட்டிக்காட்டுகிறான். குச்சியும் அட்டையும் சேர்த்து ஒரு பஸ் கட்டுகிறான். ஜன்னலுக்கு வெளியே காட்சிகள் நகர்வதுபோல் நிழல் ஓட்டுகிறான். தானே பெண்வேடம் கட்டி அந்த பஸ்ஸில் உட்காருகிறான். லார்கின் சீப்பிளின் ஒளிப்பதிவில் அந்தக் குப்பை பஸ் நிஜ பஸ்ஸைவிட அழகாக இருக்கும். இசை 'மான்செஸ்டர் ஆர்கெஸ்ட்ரா' குழுவின் ஆண்டி ஹல், ராபர்ட் மெக்டவல் இருவருடையது. வாத்தியங்களை ஒதுக்கிவிட்டுப் பெரும்பாலும் மனிதக் குரல்களாலேயே கட்டியிருக்கிறார்கள். ஹேங்க் முணுமுணுப்பதை மேனி பிடித்துக்கொள்ள, அதைக் காடே பிடித்துக்கொள்வதுபோல் பின்னணி இசை எழும். 'ஜுராசிக் பார்க்' இசையை இருவரும் வாயாலேயே பாடும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ராட்க்ளிஃப் நடிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டு ஹாரி பாட்டர் படங்களில் உலகமே பார்த்து வளர்ந்த முகம். அந்த முகத்தில் ஒரு கண் பாதி மூடி, தாடை தொங்கி, தலை சாய்ந்தபடியே இருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு வெகுளித்தனத்தைக் கொண்டுவந்தார்.

படத்தின் மையம் ஒரு சின்ன உரையாடல். அடுத்தவர் முன்னால் குசு விடக்கூடாது, அடக்கிக்கொள்ள வேண்டும் என்கிறான் ஹேங்க். ஏன் என்று மேனி கேட்கிறான். ஹேங்கிடம் சரியான பதில் இல்லை. இதையே மறைக்கிறாய் என்றால் இன்னும் எதையெல்லாம் மறைத்து வைத்திருக்கிறாய் என்பதுதான் மேனியின் அடுத்த சந்தேகம். ஹேங்க் மறைத்து வைத்திருப்பதுதான் கதை. கைபேசியில் இருக்கும் பெண் சாரா அவன் காதலி இல்லை. பஸ்ஸில் தினமும் பார்த்தவள். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்குத் தெரியாமல் எடுத்த படம் அது. அவர்கள் திரிந்த காடும் அப்படியொன்றும் தொலைதூரத்தில் இல்லை. கடைசியில் வெளியே வந்து விழுவது சாராவின் வீட்டுக் கொல்லையில். அவளுக்குக் கணவனும் மகளும் இருக்கிறார்கள்.

போலீஸ், டிவிக்காரர்கள், ஹேங்கின் அப்பா எல்லோரும் கூடுகிறார்கள். மேனி பேச்சு நின்று வெறும் பிணமாகிவிட்டான். பையில் போட்டு எடுத்துப்போகப் பார்க்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் ஹேங்க் முதல்முறையாக அடக்காமல் குசு விடுகிறான். பிணத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறான். பின்னாலேயே கூட்டம். வழியில் குப்பை பஸ், குப்பை வீடு, குப்பையில் செய்த சாரா. கடற்கரையில் மேனியின் உடம்பு மறுபடி துள்ளிக் கிளம்பிக் கடலில் போகிறது. அப்பா முகத்தில் சிரிப்பு. சாரா மட்டும் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்து, இது என்ன கண்றாவி என்கிற தொனியில் ஒன்று சொல்கிறாள். படத்தின் கடைசி வசனம் அதுதான். சன்டான்ஸில் எழுந்துபோனவர்கள் சொல்லியிருக்கக்கூடியதையும் உட்கார்ந்திருந்தவர்களின் சிரிப்பையும் இயக்குநர்கள் முன்கூட்டியே படத்துக்குள் நிறுத்திவைத்திருந்தார்கள்.

வெளியே வந்தபோது அண்ணாச்சி காரில் உட்கார்ந்திருந்தார். கோபமாக இல்லை. ரொம்ப நேரம் பேசாமல் ஓட்டினார். நானாக ஆரம்பித்தேன். "மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி, ரொம்ப அசிங்கமாப் போச்சோ?"

"அசிங்கம் என்னடே அசிங்கம். எங்க தாத்தா தொண்ணூறு வயசுல செத்தாரு. கல்யாணச் சாவு. சம்பந்திமாரும் மச்சினமாரும் பண்ணுன கேலி இருக்கே, இந்தப் பசங்க அதுல பாதிகூடப் பண்ணல. தேருக்கு முன்னால நாங்க ஆடாத ஆட்டமா? ஆனா அது யாருன்னு எங்களுக்குத் தெரியும். எங்க தாத்தா. உசுரோட இருந்தா அவரும் சேந்து ஆடிருப்பாரு. இது யாரு? யாரு பெத்த பிள்ளையோ. யாருன்னே தெரியாத பொணத்தக் கட்டையாட்டம் வெட்டதுக்கும் சுடதுக்கும் வச்சுச் சிரிக்கானுவ. எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு."

கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார். முந்தின வருடம் அவர் அப்பா தவறியிருந்தார். விசா முத்திரைச் சிக்கலில் உடனே கிளம்ப முடியவில்லை. பதினாறாம் நாளுக்குத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். நெற்றியில் காசும் தாடைக்கட்டுமாக அப்பா கிடந்ததை மடிக்கணினியில், ஸ்கைப்பில் பார்த்திருக்கிறார். யாரோ ஒரு சொந்தக்காரப் பையன் கணினியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். அவன் கை ஆடியதில் அப்பாவின் முகம் திரையை விட்டு வெளியே போய்ப்போய் வந்ததாம். "நேரா பிடிடேன்னு கத்திக்கிட்டே இருந்தேன். அதுதான் நான் செஞ்ச காரியம்" என்றார்.

அவர் எழுந்துபோனதற்குக் கூச்சம் காரணமென்று அதுவரை நினைத்திருந்தேன். மரியாதை என்று அப்போது தெரிந்தது. பிறகு முடிவைச் சொன்னேன். அந்தப் பிணத்தைப் பையில் போட விடாமல் ஹேங்க் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், யாருமில்லாத உடம்புக்கு உரிமை சொல்ல ஒருத்தன் வருகிறான், கடலில் விடுகிறான் என்றேன். கேட்டுக்கொண்டார். "அப்ப கடைசியில சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். அதோடு சரி.

அடுத்த சில வாரம் கிடைத்த விமர்சனங்களையெல்லாம் தேடித்தேடிப் படித்தேன். மூன்று வகை இருந்தன. ஒன்று, ஒரே நகைச்சுவையை ஒன்றரை மணி நேரம் இழுத்த பள்ளிக்கூடப் பையன்களின் வேலை என்று ஒதுக்கியவை. இரண்டாவது, இவ்வளவு புதிதாக ஒன்று அமெரிக்கச் சினிமாவில் வந்து நாளாயிற்று என்று கொண்டாடியவை. இந்த வகையிலும் பலர், பிணமும் குசுவும் உள்ள படத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல நேர்ந்ததற்கு முதல் பத்தியிலேயே மன்னிப்புக் கேட்கும் தோரணையில் எழுதியிருந்தார்கள். வெட்கத்தைப் பற்றிய படத்துக்கு வெட்கத்தோடு எழுதிய பாராட்டுரைகள். மூன்றாவது வகை சாராவைப் பற்றிக் கேட்டவை. ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் படம் எடுத்து, பின்தொடர்ந்து, அவள் வீட்டுக் கொல்லைவரை வந்து நிற்கிறவனைத் தனிமையில் வாடும் அப்பாவியாகப் பார்க்கச் சொல்கிறதே படம், அவள் பக்கம் என்ன என்று கேட்டார்கள்.

இந்த மூன்றாவது கேள்வி அந்தக் கோடையில் எந்தத் தமிழருக்கும் வெறும் சினிமாக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. படம் அமெரிக்காவில் வெளியான அதே ஜூன் 24ஆம் தேதி காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் வேலைக்குப் போகக் காத்திருந்த ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நான் தியேட்டருக்குப் போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சே இல்லை. விருப்பமில்லாத பெண்ணின் பின்னால் அலைவதைக் காதல் என்று பாட்டுப் போட்டுக் காட்டிய தமிழ்ச் சினிமாவின்மேலும் அப்போது கேள்விகள் எழுந்தன. நாங்கள் விசிலடித்துப் பார்த்த நாயகர்கள் ஒவ்வொருவராக விசாரணைக்கு வந்தார்கள். அந்த மனநிலையில் ஹேங்கின் கைபேசியில் இருந்த சாராவின் படத்தை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஹேங்க் யாரையும் துன்புறுத்துகிறவன் இல்லை. தன் செயல் எவ்வளவு விகாரமானது என்பது அவனுக்கே உறைக்கும்படிதான் படமும் முடிகிறது. அவனை அப்பாவி என்று படம் தீர்ப்பு எழுதவில்லை. ஆனாலும் சாராவாக வந்த மேரி எலிசபெத் வின்ஸ்டெட் போன்ற நல்ல நடிகைக்குத் திகைத்து நிற்பதைத் தவிர அங்கே வேலை இல்லை.

அண்ணாச்சி காரில் சொன்ன அளவுகோலை அப்போதுதான் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். யாரென்று தெரியாமல் ஒருவரைச் சிரிப்புக்கோ கற்பனைக்கோ பயன்படுத்துவதுதான் அவருக்கு உறுத்தியது. மேனி விஷயத்தில் படம் அந்தக் கடனை அடைத்துவிடுகிறது. யாருமற்றுக் கரையொதுங்கியவனுக்குப் பெயர் கிடைக்கிறது, பயம் கிடைக்கிறது, நண்பன் கிடைக்கிறான். எழுந்துபோனவர்கள் அவன் இன்னும் யாருமற்றவனாக இருந்த பகுதியில் எழுந்துபோனார்கள். சாரா விஷயத்தில் கடன் அப்படியே நிற்கிறது. அவளுடைய படத்தைப் பிணத்துக்குக் காட்டினார்கள், குப்பையில் அவளைச் செய்தார்கள், அவள் வேடத்தைப் போட்டார்கள். அவள் யார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. நான் படித்த நல்ல விமர்சனங்கள் பலவும் நீண்ட வாக்கியங்களில் சுற்றிவந்து சேர்ந்த இடத்துக்குப் பாதிப் படம் மட்டும் பார்த்த அண்ணாச்சி நேராகப் போய்விட்டார்.

எண்கள் இதில் எதையும் சொல்லவில்லை. ராட்டன் டொமேட்டோஸில் படத்துக்கு எழுபது சதவீதத்தை ஒட்டிய மதிப்பு. மெட்டாக்ரிட்டிக்கில் நூற்றுக்கு அறுபதைத் தாண்டிய சராசரி. பார்த்தால் 'பரவாயில்லை ரகம்' என்று தோன்றும். ஆனால் பரவாயில்லை என்று யாருமே சொல்லாத படம் அது. தலையில் வைத்துக் கொண்டாடியவர்களையும் தூக்கி எறிந்தவர்களையும் கூட்டி வகுத்தால் நடுவில் ஒரு எண் வரும். அந்த எண்ணில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். சுமார் 30 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் 42 லட்சம் டாலர் அளவுக்கு வசூலித்தது. தியேட்டருக்குக் கொடுக்க வேண்டிய பங்கைக் கழித்தால் கொண்டாட ஒன்றுமில்லை. ஸ்பெயினில் சிட்ஜஸ் திரைப்பட விழா மட்டும் அந்த ஆண்டின் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்து, பிணமாக நடித்த ராட்க்ளிஃபுக்குச் சிறந்த நடிகர் விருதும் கொடுத்தது. அதீதக் கற்பனைப் படங்களுக்கென்றே நடக்கும் விழா அது. அங்கே யாருக்கும் மன்னிப்புக் கேட்கும் தேவை இல்லை.

பிறகு அந்தப் படம் என் வாழ்க்கையிலிருந்து மெல்ல ஒதுங்கியது. 2022 ஏப்ரலில், வருமான வரிக் கணக்கை முடிக்கிற அவசரத்தில் அண்ணாச்சி வீட்டில் இருந்தேன். கல்லூரிக்குப் போய்விட்ட அவர் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு சீனக் குடும்பம், சலவைக்கடை, வரி அலுவலகத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள், நம் வீட்டுக் கதைபோலவே இருக்கிறது என்று சொல்லி அப்பாவையும் என்னையும் தியேட்டருக்கு இழுத்துப் போனாள். 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்'.

அதிலும் அருவருப்புக்குக் குறைவில்லை. விரல்களுக்குப் பதில் தொத்திறைச்சி தொங்கும் உலகம் ஒன்று வருகிறது. வரி அலுவலகத்துப் பரிசுக்கோப்பையைப் பின்பக்கத்தில் செருகிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். மகள் பக்கத்தில் இருந்ததால் அந்த இடத்தில் அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். ஆனால் எழுந்துபோகவில்லை. மிஷெல் யோ தன் மகளை வாகன நிறுத்துமிடத்தில் மறித்து நிற்கும் காட்சியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

வெளியே வந்ததும், இது அந்தப் பிணப் படத்து இயக்குநர்கள் என்று சொன்னேன். நின்றுவிட்டார்.

"அவனுவளா இவனுவ?"

"அவங்களேதான் அண்ணாச்சி."

காருக்கு நடக்கும்போது அவர் பேசியது மகளாக வந்த ஸ்டெபனி சூவைப் பற்றியோ கணவனாக வந்த கீ ஹுய் குவானைப் பற்றியோ இல்லை. ஜேமி லீ கர்ட்டிஸ் நடித்த வரி அதிகாரியைப் பற்றி. "அந்த டாக்ஸ் ஆபீஸ்காரியப் பாத்தியாடே. மொதல்ல பாக்கும்போது எம்புட்டு எரிச்சலா இருந்துச்சு. கடைசியில அவளுக்கும் ஒரு வீடு, ஒரு பியானோ, ஒரு துக்கம். அவ யாருன்னு காட்டிட்டானுவல்லா" என்றார்.

2023 மார்ச்சில் அந்தப் படம் பதினோரு பரிந்துரைகளில் ஏழு ஆஸ்கர்களை வாங்கியது. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை எல்லாம் அதில் அடக்கம். உலகம் முழுக்க வசூல் பத்துக் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதன்பின் பழைய படத்தைப் பற்றிய எழுத்துகளின் தொனியும் மாறிவிட்டது. மேதைகளின் முதல் முயற்சி என்று மரியாதையோடு எழுதுகிறார்கள். எழுந்துபோன கதையைக்கூட இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாவது படம் வாங்கிய சிலைகள் முதல் படத்தில் சாராவுக்கு ஒரு வசனம்கூடக் கூடுதலாக எழுதிவிடாது. இரண்டுக்கும் நடுவில் அந்த இரண்டு பேரும் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த வரி அதிகாரியைத்தான் காட்டுவேன். குறும்பு துளியும் குறையவில்லை. ஆனால் வழியில் வந்துபோகிற ஒருவரையும் யாரென்று சொல்லாமல் விடவில்லை.

ஆஸ்கர் இரவுக்கு மறுநாள் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். இப்போதாவது அந்த முதல் படத்தின் மிச்சப் பாதியைப் பார்க்கிறீர்களா, என்னிடம் இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"நீதான் முடிவச் சொல்லிட்டியேடே. கடல்ல விட்டுட்டான்லா, அது போதும்" என்றார். "அந்தப் படத்துக்கு நான் கொடுத்த டிக்கெட் காசுல பாதி மிச்சம் இருக்கு. அத மட்டும் வாங்கிக் கொடு."